காஞ்சி தந்த அண்ணாவும் காலியாயிருந்த நாற்காலியும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டுத் தொடக்கத்தில், இளைஞர் இயக்கம் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கிறிஸ்து இயேசுவில் அன்புமிக்க பங்கு மக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, முன்வரிசையில் அமர்ந்துகொண்டு சாப்பாடு எப்போது என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பீடச் சிறுவர்களே, உங்கள் அனைவருக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக.

இக்கூட்டத்துக்கு என்ன பேசவேண்டும் என்று இளைஞர்களைக் கேட்டோம். "நம் மாவட்டத்தில் பிறந்து பொதுவாழ்வில் பெரிய ஆளாக வந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் சாமி" என்றார்கள். "அப்படியானால் அண்ணாவைப் பற்றித்தான் பேசவேண்டும்" என்றோம். செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுதும் பரவிவிட்டது. மறுநாள் பூசை முடிந்ததும் மரியாயின் சேனையைச் சேர்ந்த ஒரு தாயார் வராந்தாவில் வந்து நின்றார். "கோயில் வளாகத்துக்குள்ளே அரசியல்வாதியைப் பற்றிப் பேச்சா சாமி? அதுவும் சாமி இல்லை என்று சொன்ன கட்சிக்காரரைப் பற்றியா?" என்று கேட்டார். அந்தத் தாயாரும் இதோ அமர்ந்திருக்கிறார். அவருக்கு அன்று வாய்விட்டுப் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் 75ஆம் பகுதி அரசியலைப் பற்றியது. மக்களின் நன்மைக்காகப் பொதுப்பணியின் சுமையைத் தோளில் ஏற்பவர்களைத் திருச்சபை பாராட்டுகிறது என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி ஏற்பவர் நம் கோயிலுக்கு வருகிறவராய் இருக்கவேண்டும் என்று அங்கே நிபந்தனை ஒன்றும் போடப்படவில்லை. தவிர, அண்ணா கடவுளே இல்லை என்று கட்சி நடத்தியவர் என்பதும் சரியன்று. தி.மு.கழகத்தை நடத்திய காலத்தில், மனித குலம் ஒன்று, தேவனும் ஒருவனே என்ற திருமூலர் கருத்தைத்தான் அவர் தம் கழகத்தின் கொள்கையாக எடுத்து வைத்தார். நம் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரிக்கு அது அவ்வளவு தூரமில்லை. மற்றபடி அவருடைய எல்லாக் கருத்துக்கும் நாம் கையெழுத்துப் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இல்லை.

இனி, நாம் எங்கே நின்று பேசுகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் இருக்கின்றன. வெளிநாட்டார் வந்து படம் பிடிக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டால் கை தூக்குவோர் குறைவு. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஓராண்டுப் பொறுப்புக்கு ஆட்களை அமர்த்தினார்கள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது. அவனுடைய உறவினரும் வரக்கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம் கோயில் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வந்து சற்றே வியர்ப்பதுண்டு.

ஆனால் அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் சொந்தமாய் வேண்டும், தன் மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். அது பிராமணர்களின் சபை. இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோருடைய பாட்டன் பூட்டன்மார் அந்தக் குடத்தின் அருகில்கூடப் போயிருக்க முடியாது. ஏரியைத் தூர் வாரியது அவர்கள் கை. ஏரி வாரியத்தில் அவர்கள் பெயர் இல்லை. அந்தக் குடத்துக்கும், 1952ஆம் ஆண்டு 21 வயது நிரம்பிய எவர்க்கும், ஆணானாலும் பெண்ணானாலும், நிலமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஒரு சீட்டு என்று வந்த வாக்குப் பெட்டிக்கும் இடையில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பெட்டி வந்த பிறகு அதை நம்பிப் புறப்பட்டவர்களில் ஒருவர்தான் நாம் பேச வந்த மனிதர்.

காஞ்சிபுரம் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அங்கே ஒரு நெசவாளர் குலத்துக் குடும்பத்தில் அண்ணாதுரை பிறந்தார். தகப்பனார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். 'தொத்தா' என்று அவரை அழைப்பார். பச்சையப்பன் பள்ளியில் படித்தார். வீட்டு நிலைமை போதாமல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில மாதம் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் படித்து, 1934இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆசிரியர் வேலை. அந்த ஆண்டில்தான் திருப்பூரில் ஓர் இளைஞர் மாநாட்டில் பெரியாரைச் சந்திக்கிறார். அதன்பின் நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம், 'குடி அரசு', 'விடுதலை' ஏடுகளில் பணி, 1938இல் இந்தி எதிர்ப்பில் சிறை. 1942இல் காஞ்சிபுரத்திலிருந்தே 'திராவிட நாடு' என்ற வார ஏட்டைத் தொடங்கினார். இவற்றையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். ஆகவே நாம் விரைந்து செல்கிறோம்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1936இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்றார், தோற்றார். ஆக, அவருடைய தேர்தல் வாழ்வு தோல்வியில்தான் தொடங்குகிறது.

குருமடத்தில் நாம் படித்த நாட்களில் மறையுரை கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர், நல்ல தமிழ் பேசவேண்டுமானால் பரிசுத்த வேதாகமத்தை உரக்கப் படியுங்கள், பிறகு அண்ணாவின் மேடைப் பேச்சுகளைப் படியுங்கள் என்பார். எங்களில் சிலர் இரண்டாவதைச் சற்று அதிகமாகவே படித்துவிட்டு, முதல் மறையுரையில் எதுகையும் மோனையுமாக அடுக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், "அடுக்குமொழி நன்றாயிருந்தது, இயேசுநாதர் எங்கே போனார்?" என்று கேட்டார். அன்றோடு அடுக்குமொழியை விட்டோம். பேச்சு மட்டும் போதாது என்பது அண்ணாவுக்கும் தெரியும். ஆகவே அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

முதலாவது 1949ஆம் ஆண்டு. பெரியார் அப்போது எழுபது வயதை நெருங்கியவர். அவ்வாண்டு ஜூலையில் மணியம்மையாரை மணந்தார். கழகத்தில் இருந்த இளைஞர்கள் கொதித்தார்கள். தலைவர்கள் பலர் பிரிந்தார்கள். கருத்து வேற்றுமை அதற்கு முன்பே இருந்தது. 1947 ஆகஸ்டு 15ஐப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா மகிழ்ச்சிக்குரிய நாள் என்று எழுதினார். பதினைந்து ஆண்டு தகப்பனும் பிள்ளையுமாய் இருந்தவர்கள் பிரியவேண்டி வந்தது. ஒரு வீட்டில் பாகம் பிரிக்கும்போது என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வரப்பில் ஒரு சாண் நிலத்துக்காக மூன்று தலைமுறை முகம் பார்க்காத குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன.

அண்ணா செய்தது வேறு. புதிய கழகத்துக்குப் பெரியார் பிறந்த செப்டம்பர் 17ஆம் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. கழகத்துக்குத் தலைவர் என்று எவரையும் அமர்த்தவில்லை. தலைவர் நாற்காலி பெரியாருடையது, அவருக்காக அது காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லி, அண்ணா பொதுச்செயலாளர் என்ற பெயரோடு நின்றுகொண்டார். தாம் பிரிந்து வந்த மனிதருக்கு, அதுவும் தம்மை மேடைதோறும் ஏசிக்கொண்டிருந்த மனிதருக்கு, நாற்காலி போட்டு வைத்தார். பிரிந்தவர்களைப் பெரியார் 'கண்ணீர்த்துளிகள்' என்று கேலி செய்தார். அதற்குப் பின்னும் அந்த நாற்காலி அப்படியே இருந்தது. அண்ணா இருந்தவரையில் அதில் எவரும் உட்காரவில்லை.

அது அரசியல் தந்திரம் என்று சொல்வோரும் உண்டு. தொண்டர்கள் பெரியாரை மறக்கமாட்டார்கள் என்று தெரிந்து செய்தது என்பர். இருக்கலாம். தந்திரமாகத் தொடங்கியதாக வைத்துக்கொண்டாலும் இருபது ஆண்டு அதைக் காப்பாற்றுவது கடினம்.

1950களின் நடுவில் பொதுச்செயலாளர் பொறுப்பையும் நெடுஞ்செழியனிடம் கொடுத்தார். தம்மைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். 'தம்பி வா, தலைமை ஏற்க வா' என்று அவர் அழைத்தது தமிழ்நாட்டில் பழமொழிபோல ஆகிவிட்டது. கழகத்தைக் கட்டியவரே கட்டியதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் தலைமையில் அமர்ந்து கேட்டார்.

இரண்டாவதாக 1962. அதற்கு முன் 1957இல் தி.மு.க. முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் நின்று 15 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. அண்ணா நம் காஞ்சிபுரத்தில் வென்றார். 1962இல் கழகத்துக்கு 50 இடம். ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றுப்போனார்! காங்கிரசில் நின்ற நடேச முதலியார் வென்றார். படை வென்றது, தளபதி வீழ்ந்தார் என்று பேசிக்கொண்டார்கள்.

நம் தகப்பனார் அந்த நாட்களில் செய்யாற்றுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தார். கட்சியெல்லாம் கிடையாது. ஆனாலும் அண்ணா பேசுகிறார் என்றால் பூசைக்குப் போவதுபோல் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் காஞ்சிபுரம் போய்விடுவார். பங்குச் சாமியாருக்குத் தெரியக்கூடாது என்று, யாருக்கோ அவஸ்தைபூசுதல் என்று ஒருமுறை சாக்குச் சொன்னதாகவும், அதை மறுவாரமே பாவசங்கீர்த்தனத்தில் அதே சாமியாரிடம் சொல்ல நேர்ந்ததாகவும் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அவர் சொன்னது: "கூட்டத்தைப் பார்த்தால் இந்தியாவிலேயே அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை என்று தோன்றும். பெட்டியைத் திறந்தால் வேறு மாதிரி இருந்தது. கேட்க வந்தவன் எல்லாம் ஓட்டுப் போட வந்தவன் இல்லை." சாமியார்களாகிய நாமும் மறையுரையின்போது நிறைந்திருக்கும் கோயிலைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது என்று அந்தப் பேச்சை நினைத்துக்கொள்வதுண்டு.

சொந்த ஊர் கைவிட்டது. இறைவாக்கினர் தம் சொந்த ஊரில் மதிப்புப் பெறுவதில்லை என்று நம் ஆண்டவர் நாசரேத்தில் வருந்தினார். இருவரையும் ஒப்பிடவில்லை, ஊர்களை ஒப்பிடுகிறோம். அண்ணா காஞ்சிபுரத்தின்மீது கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. மாநிலங்களவை உறுப்பினராக டில்லி சென்று, அங்கே நேருவின் முன்னிலையில் தமது வாதத்தை ஆங்கிலத்தில் எடுத்து வைத்தார். தனி நாடு வேண்டும் என்பது அன்றைய கோரிக்கை. அவ்வாண்டே சீனப் போர் வந்தது. அவர் விலைவாசிப் போராட்டத்தில் வேலூர்ச் சிறையில் இருந்தவர். நாடு ஆபத்தில் இருக்கும்போது உள்சண்டை வேண்டாம் என்றார். 1963இல் பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டார். பல ஆண்டு மேடை மேடையாகப் பேசிய ஒன்றை, இனி இல்லை என்று அதே மேடையில் நின்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். நம்மில் பலருக்கு வீட்டில் மனைவியிடம் சொன்ன ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளக்கூட அது வருவதில்லை.

1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும், அதில் மாண்ட இளைஞர்களையும், அக்காலத்து அரிசிப் பஞ்சத்தையும் இங்கே இருக்கும் முதியவர்கள் நேரில் அறிவார்கள். 1967 தேர்தலில் தி.மு.க. தனிப்பெரும்பான்மை பெற்றது. விருதுநகரில் காமராசரையே பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 வாக்குகளில் வென்றார். பள்ளிப் பிள்ளைக்குப் பகல் சோறு போட்ட மனிதர் தோற்ற செய்தி கேட்டு எதிர்க்கட்சிக்காரர்களே கலங்கினார்கள். அதைக் கொண்டாட வேண்டாம் என்பதுதான் அண்ணாவின் மனநிலையாக இருந்தது. மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். அமைச்சரவையில் ஒன்பது பேர். அவர்களில் சத்தியவாணி முத்து அம்மையாரும் ஒருவர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. அந்தத் தேர்தலில் பெரியார் யாருக்குப் பிரசாரம் செய்தார்? காங்கிரசுக்கு! காமராசரைப் பச்சைத் தமிழர் என்று புகழ்ந்து, தி.மு.க.வைத் தோற்கடிக்க ஊர் ஊராகச் சென்றார். வெற்றிச் செய்தி வந்ததும் அண்ணா சென்ற இடம் எது? திருச்சி. பெரியார் வீட்டுக்கு. நெடுஞ்செழியனையும் கருணாநிதியையும் உடன் அழைத்துக்கொண்டு சென்று அந்த முதியவர் முன் நின்றார். பதினெட்டு ஆண்டுக்குப் பின் சந்திப்பு. வென்றவர்தாம் படியேறிப் போனார். தோற்றவர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பின்னர் தம் ஆட்சியையே பெரியாருக்குக் காணிக்கை என்று அறிவித்தார். தலைவர் நாற்காலியைக் காலியாக வைத்ததன் பொருள் அன்றுதான் பலருக்கு விளங்கியது.

ஆட்சி இரண்டாண்டும் முழுதாக இல்லை. அதற்குள் சிலவற்றைச் செய்தார். சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லுபடியாக்கினார். அதற்கு முன் நடந்தவற்றுக்கும் அது பொருந்தும் என்றார். மெய்விவாகம் தேவத்திரவிய அனுமானம் என்று போதிக்கிற நாம் அதைப் பற்றி என்ன சொல்வது என்று தயங்கவேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அச்சட்டம் தகப்பன் பெயரைக் கொடுத்தது. அது சிறிய காரியமன்று. சங்கரலிங்கனார் 1956இல் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்ட கோரிக்கையான 'தமிழ்நாடு' என்ற பெயரைச் சட்டமன்றத்தில் 1967 ஜூலை 18இல் தீர்மானமாக நிறைவேற்றினார். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கை.

அதே ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. இம்மாநாடுகள் தோன்றக் காரணமானவர் யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்கக் குரு! யாழ்ப்பாணத்தவரான சவேரியார் தனிநாயகம் அடிகளார். தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகப் பணி தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்று, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றுவதற்கும் 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடுவதற்கும் முன்னின்றவர். சென்னை மாநாட்டின்போது கடற்கரையில் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவருக்கும் ஔவைக்கும் கம்பனுக்கும் வைத்த வரிசையில் இயேசு சபைக் குருவான வீரமாமுனிவருக்கும், போப் ஐயருக்கும், கால்டுவெல் ஐயருக்கும் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து மதம் பரப்ப வந்தவர்கள் என்று அவர்களைத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்று அண்ணா சொல்லுவார். மெரீனாவுக்குப் போகும் நம் பிள்ளைகள் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடாமல் அந்தச் சிலைகளின் கீழே உள்ள பெயர்களையும் படித்துவிட்டு வரவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும், இது என்ன, புனிதர் பட்டத்துக்கான விசாரணையா, நல்லதை மட்டும் அடுக்க? ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். கிராமங்களுக்கு அது வரவில்லை. நம் உத்திரமேரூர்ப் பக்கத்து உழவன் நெல்லை விளைவித்துவிட்டு, அந்த ஒரு படியைப் பத்திரிகையில்தான் பார்த்தான்.

அதைவிடப் பெரிய துயரம் 1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறந்த இரவு. தஞ்சைத் தரணியில் கீழவெண்மணி என்ற ஊரில், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாய்க் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிந்து சாம்பலானார்கள். அண்ணா அப்போது நோயால் மெலிந்துபோயிருந்தார். ஆயினும் அவருடைய ஆட்சியில் நடந்தது. வழக்கில் நிலக்கிழார்கள் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார்கள். நாம் ஆண்டுதோறும் நள்ளிரவுப் பூசையில் குடிலில் பாலனை வைத்து முத்தம் செய்யும்போது அந்த இன்னொரு குடிசை நம் கண்முன் வராமல் போவதில்லை. ஏழைக்கு ஓட்டுச் சீட்டு வந்துவிட்டது; உயிருக்கு உத்தரவாதம் வரவில்லை. சேரியில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவனுக்கு, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக, பட்டியல் இனத்தார் உரிமை இன்றுவரை மறுக்கப்பட்டிருக்கிறது என்பதும் இங்கே பலருக்குச் சொந்த அனுபவம். அண்ணாவோடு எதுவும் முடிந்துவிடவில்லை.

அடுத்து, நம் திருச்சபையைத் தொடும் ஒரு செய்தி. 1968இல் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு அறிஞராக அழைத்தது. அப்பயணத்தில் உரோமை சென்று, ஆறாம் சின்னப்பர் என்று நம் பெரியவர்கள் சொல்லும் திருத்தந்தை ஆறாம் பவுலைச் சந்தித்தார். 1964இல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த அதே திருத்தந்தை. 2018இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அவரிடம் அண்ணா கேட்டது என்ன? தமக்காகவோ தம் கட்சிக்காகவோ ஒன்றும் இல்லை. கோவா விடுதலைக்காகப் போராடிய மோகன் ரானடே என்ற மராத்தியர் 1955இல் போர்த்துகீசியரிடம் சிறைப்பட்டுப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். 1961இல் கோவா விடுதலையாகிவிட்டது. அவருக்காகப் போராடியவர் மட்டும் லிஸ்பன் பக்கம் சிறையிலேயே கிடந்தார். போர்ச்சுகல் கத்தோலிக்க நாடு. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்று அண்ணா திருத்தந்தையிடம் முறையிட்டார். 1969 ஜனவரியில் ரானடே விடுதலையானார்.

தமிழரல்லாத, கட்சியில்லாத, ஓட்டில்லாத ஒரு கைதி! திருத்தந்தையிடம் ஒரு விண்ணப்பம் வைக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தால் நாம் என்ன கேட்போம்? கோயிலுக்கு ஒரு மணி கேட்போம்.

ரானடே விடுதலையான செய்தியைக் கேட்டு மகிழ அண்ணாவுக்குச் சில நாட்களே இருந்தன. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் புற்றுநோய் கண்டது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பரில் திரும்பினார். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று நடைமுறைக்கு வந்ததைக் கண்ணால் கண்டார். பிப்ரவரி 3ஆம் நாள் காலமானார். வயது 59. சென்னையில் திரண்ட கூட்டத்தை எண்ண முயன்றவர்கள் எண்ணிக்கை தவறினார்கள். நம் தகப்பனார் போகவில்லை. ஊரில் கோயில் மணியை அடிக்கட்டுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டாராம். "அடி" என்றாராம் அந்தச் சாமியார். நாம் பிறக்காத காலத்துக் கதை இது. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்காக அந்தச் சாமியாரை நமக்கு மிகவும் பிடிக்கும்.

அன்பர்களே, இனி நம் வீட்டுக் காரியம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம் என்று கெட்டிக்காரர்கள் முன்பே ஊகித்திருப்பீர்கள்.

சென்ற ஆண்டு பங்குப் பேரவைத் தேர்தல் நடந்தது. முதன்முறையாகச் சீட்டெழுதிப் பெட்டியில் போட்டோம். இருபது ஆண்டு துணைத்தலைவராக இருந்த பெரியவர் நான்கு வாக்குகளில் தோற்றார். வென்றவர் முப்பது வயதும் நிரம்பாத தம்பி. வாக்கில் ஒரு குறையும் இல்லை. எண்ணியவர்கள் இரு தரப்பாரும். குறை நம்முடையது. ஞாயிறு பூசை முடிவில் ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தபோது, புதியவரை வாழ்த்தினோம், இளமை வந்தது, புதுவெள்ளம் வந்தது என்று ஏதேதோ சொன்னோம். விட்டுவிட்டோம் என்று முன்பு சொன்னோமே, அந்த அடுக்குமொழிதான்! இருபது ஆண்டு உழைத்த மனிதர் மூன்றாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை. மணிக்கூண்டு கட்டியபோது செங்கல் சுமந்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களுக்கு இரவு பகலாகக் கஞ்சி காய்ச்சியவர். இறுதி ஆசீர் பெறுமுன்பே அவர் வெளியேறியதைப் பீடத்திலிருந்து பார்த்தோம். தோல்வியின் கோபம் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம்.

அன்றிலிருந்து அவர் பூசைக்கு வருகிறார், கடைசி வாங்கில் நிற்கிறார், போய்விடுகிறார். அவர் தெருவார் பலரும் அப்படியே. பொன்விழாக் குழுவில் அவருக்கென்று போட்ட நாற்காலி மூன்று கூட்டங்களாகக் காலியாகவே இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவர் யார் தெரியுமா? நாமல்ல. அவரைத் தோற்கடித்த அந்தத் தம்பி. அவருக்கு அண்ணாவின் கதை தெரியுமோ தெரியாதோ. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டோம்.

வென்றவர் படியேறிப் போகவேண்டும் என்று திருச்சி காட்டுகிறது. தவறு செய்தவரோ அவருக்கு முன்னால் போகவேண்டும். நேற்று மாலை அந்தத் தம்பியை வண்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் தவற்றைச் சொன்னோம். நன்றியையும், காலம் கடந்ததாயினும், சொன்னோம். அம்மா காப்பி கொடுத்தார்கள். பெரியவர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசினார். மழை பற்றிப் பேசினார். வேறொன்றும் பேசவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். இன்று வருகிறாரா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வரவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். நாற்காலி இருக்கட்டும்.

பீடச் சிறுவர்களே, சாப்பாடு தயார். முதல் பந்தி தாய்மார்களுக்கு. நீங்கள் பரிமாறிவிட்டு உட்காருங்கள்.

(இவ்வுரை நிகழ்ந்த மறுவாரம் பெரியவர் தம் பேரன் கையில் ஒரு தகரப்பெட்டியை மலர்க்குழுவுக்குக் கொடுத்தனுப்பினார். கோயில் அடிக்கல் நாட்டிய நாள் முதல் அவர் சேர்த்து வைத்திருந்த புகைப்படங்கள் அதில் இருந்தன. இம்மலரில் காணும் பழைய படங்கள் யாவும் அப்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நேரில் வருமாறு புதிய துணைத்தலைவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்.)